மணி அடிக்கும் வரை

முதல் தடவை எழுத்தாளர் மாநாட்டுக்குப் போனபோது என் கையில் 78 சொற்கள் இருந்தன. மூன்று வருடமாக ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டிருந்த நாவலை அந்த 78 சொற்களுக்குள் அடைத்து, கண்ணாடி முன்னால் நின்றும், நடக்கும்போது உதடு மட்டும் அசைய முணுமுணுத்தும் உருப்போட்டு வைத்திருந்தேன். இதற்குப் பெயர் பிட்ச். இலக்கிய ஏஜென்ட் எதிரே உட்கார்ந்து, என் கதை இது, இதைப் பதிப்பகங்களிடம் கொண்டுபோவீர்களா என்று கேட்பது.

பெரிய கூடம். பதினைந்து சின்ன மேசைகள். ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு ஏஜென்ட் அல்லது பதிப்பக எடிட்டர். ஆளுக்குப் பத்து நிமிடம். வாசலில் ஒரு தன்னார்வலர் கைமணியோடு நிற்பார். மணி அடித்ததும் உள்ளே இருப்பவர்கள் எழுந்து வர, அடுத்த வரிசை உள்ளே போகும்.

எனக்கு வாய்த்த ஏஜென்ட் என் கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்து, பெயரை இரண்டு தடவை தப்பாகச் சொல்லி, மூன்றாம் தடவை சரியாகச் சொன்னார். நான் 78 சொற்களையும் ஒரே மூச்சில் கொட்டி முடித்தேன். நாற்பது வினாடி ஆகியிருக்கும். மிச்சமிருந்த ஒன்பது நிமிடத்துக்கு என்ன செய்வது என்று நான் யோசித்தே இருக்கவில்லை.

"சரி, அவள் ஏன் அந்த வீட்டை விட்டுப் போகவில்லை?" என்று கேட்டார்.

நாவலே அந்தக் கேள்விதான். பதில் எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அது உருப்போட்டதில் இல்லை. மனப்பாடச் செய்யுள் நடுவில் மறந்துபோன பிள்ளை மாதிரி மறுபடி முதல் வரியிலிருந்து ஆரம்பித்தேன். அவர் இரண்டாவது தடவையும் பொறுமையாகக் கேட்டார். அப்புறம், "முதல் 50 பக்கத்தை அனுப்பி வையுங்கள்" என்றார். மணி அடித்தது.

வெளியே நான் நடந்து வந்ததாக ஞாபகம் இல்லை. வராந்தாவில் எனக்கு முன்னால் அதே ஏஜென்டைப் பார்த்த ஒரு அம்மா, வேலையிலிருந்து ஓய்வு பெற்றுத் துப்பறியும் நாவல் எழுதுகிறவர், சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். "அனுப்பச் சொல்லிவிட்டார்!" என்றேன். "எனக்கும்தான்" என்றார். பத்து நிமிடம் கழித்து எனக்கு அடுத்து போன பையனும் முகமெல்லாம் பல்லாக வந்தான். சாயங்காலத்துக்குள் அதே மேசையில் உட்கார்ந்து எழுந்த ஏழு பேரைக் கண்டுபிடித்துவிட்டேன். ஏழு பேருக்கும் "அனுப்பி வையுங்கள்"தான்.

இதில் இன்னொரு சங்கடம். என் நாவல் முடியவில்லை. பாதியைக் கொஞ்சம் தாண்டியிருந்தேன், அவ்வளவுதான். அபுனைவுப் புத்தகம் என்றால் திட்ட வரைவும் இரண்டு மூன்று மாதிரி அத்தியாயங்களும் போதும், ஏஜென்ட் அதை வைத்தே விற்கப் பார்ப்பார். அறிமுக எழுத்தாளரின் நாவலுக்கு அந்தச் சலுகை கிடையாது. முழுசாக எழுதி முடித்து, திருத்தியும் முடித்த பிறகுதான் வாயைத் திறக்க வேண்டும். மாநாட்டுக் குறிப்பேட்டின் இரண்டாம் பக்கத்தில் இது அச்சடித்தே இருந்தது. படித்தேன். நமக்கில்லை என்று தாண்டிப் போய்விட்டேன்.

50 பக்கத்தை இரண்டு வாரம் மெருகேற்றி அனுப்பினேன். ஆறு வாரம் கழித்து, முழுப் பிரதியை அனுப்புங்கள் என்று பதில் வந்தது. சந்தோஷப்பட்டிருக்க வேண்டிய மின்னஞ்சல். வயிற்றைப் பிசைந்தது. ஏதோ காரணம் சொல்லி அவகாசம் கேட்டு, ராத்திரி பகலாக எழுதி, ஏழு மாதம் கழித்து அனுப்பினேன். மறுநிமிடமே மடல் திரும்பி வந்தது. அந்த முகவரி இப்போது இல்லை. விசாரித்ததில், அவர் தொழிலையே விட்டுவிட்டுப் போயிருந்தார். ஏஜென்டுகள் நிறுவனம் மாறுவதும் தொழிலை விடுவதும் இந்த உலகில் சாதாரணம் என்று பிறகுதான் தெரிந்தது.

மறுவருடம் என்னிடம் பிட்ச் செய்ய எதுவும் இல்லை. திரும்பி வந்த நாவலைப் படித்துப் பார்த்ததில், நல்லவேளை அவர் படிக்கவில்லை என்றிருந்தது. ஆனாலும் மாநாட்டுக்குப் போக ஆசை. தன்னார்வலராக வந்தால் கட்டணம் இல்லை என்றார்கள். என்ன வேலை என்று கேட்டேன். மணி அடிக்கிற வேலை.

இரண்டு நாள் வாசலில் நின்றேன். அங்கிருந்து எதுவும் காதில் விழாது, பார்க்கத்தான் முடியும். எழுத்தாளர்களின் முதுகும் ஏஜென்டுகளின் முகமும். ஒலியை நிறுத்திவிட்டுப் படம் பார்க்கிற மாதிரி. அப்படிப் பார்த்தால் சில விஷயங்கள் பளிச்சென்று தெரிகின்றன. தாளைப் பார்த்துப் படிக்கிறவர் எதிரே ஏஜென்ட் மேசையைப் பார்க்கிறார். உருப்போட்டதை ஒப்பிக்கிறவர் எதிரே ஒரு புன்னகையை முகத்தில் மாட்டிக்கொண்டு காத்திருக்கிறார். எழுத்தாளர் ஒரு கட்டத்தில் தடுக்கி விழுந்து, தாளைக் கீழே வைத்துவிட்டு, கையை ஆட்டிப் பேச ஆரம்பிக்கும்போது ஏஜென்டின் தலை நிமிர்கிறது. இது நடந்தால் மூன்றாவது நான்காவது நிமிடத்தில் நடக்கும். பலருக்கு நடப்பதில்லை, மணி அடித்துவிடுகிறேன்.

மத்தியான இடைவேளைக்கு அப்புறம் வருகிற நேரங்கள் பாவப்பட்டவை. ஏஜென்டுக்குத் தொண்டை கட்டியிருக்கும். நான் பிட்ச் நேரம் தேர்ந்தெடுப்பதாக இருந்தால் காலையில் இரண்டாவது இடம் கேட்பேன்.

இடைவேளையில் ஒரு ஏஜென்ட் என் பக்கத்தில் வந்து சுவரில் தலையைச் சாய்த்து நின்றார். எத்தனை பேரை அனுப்பச் சொன்னீர்கள் என்று கேட்டுவிட்டேன். கேட்கக் கூடாதுதான். "கிட்டத்தட்ட எல்லாரையும்" என்றார். "எதிரே ஒருவர் கை நடுங்க உட்கார்ந்திருக்கிறார். பல வருட உழைப்பு. முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படி வேண்டாம் என்பது? மின்னஞ்சலில் அந்தக் கஷ்டம் கிடையாது." கொஞ்சம் யோசித்துவிட்டு, "அதோடு, பத்து நிமிடப் பேச்சில் எனக்கு எதுவும் தெரியாது. நன்றாகப் பேசுகிறவர் மோசமாக எழுதுகிறார், வாயே திறக்காதவர் பிரமாதமாக எழுதுகிறார். பக்கத்தைப் பார்த்தால்தானே தெரியும்?" என்றார்.

அன்றிலிருந்து "அனுப்பி வையுங்கள்" என்ற சொல்லை நான் சில்லறையாக எண்ணிப் பார்க்கிறேன். அதற்கு மதிப்பு உண்டு. முன்பின் தெரியாதவர்கள் தங்கள் நாவலை அறிமுகப்படுத்தி அனுப்புகிற க்வெரி கடிதங்கள் மலையாகக் குவிந்திருக்கிற பெட்டியிலிருந்து உங்கள் பக்கங்களை எடுத்து, "நானே கேட்டது" என்ற தனிக் குவியலில் வைக்கிறது. அந்தக் குவியல் சின்னது, சீக்கிரம் படிக்கப்படும். மதிப்பு அவ்வளவுதான். அதிலும் தரம் உண்டு. "பத்துப் பக்கமும் கதைச் சுருக்கமும்" என்பது பெரும்பாலும் மரியாதை. "முழுசாக முடித்துவிட்டீர்களா? நிஜமாகவா?" என்று இரண்டு தடவை கேட்டு, உங்கள் நாவலின் பெயரைத் தன் கையால் எழுதிக்கொண்டால் அது வேறு.

இதில் ஏஜென்டைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. பெரும்பாலான ஏஜென்டுகளுக்கு வருமானம் கமிஷன்தான். புத்தகம் விற்றால் எழுத்தாளருக்கு வருகிற பணத்தில் 15 சதவீதம். வெளிநாட்டு உரிமை, மொழிபெயர்ப்பு உரிமை என்றால் வழக்கமாக 20. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் லண்டனில் ஏ. பி. வாட் இந்தத் தொழிலைத் தொடங்கியபோது வாங்கியது 10 சதவீதம். விகிதம் ஏறியிருக்கிறதே தவிர, விற்காத நாவலுக்கு அன்றும் காசு கிடையாது, இன்றும் கிடையாது. அந்த ஏழு பேரும் ஆளுக்கு 50 பக்கம் அனுப்பினால் 350 பக்கம். தன்னிடம் ஏற்கெனவே இருக்கிற எழுத்தாளர்களின் ஒப்பந்தங்களைப் பார்த்து முடித்த பிறகு, ராத்திரியில், சும்மா படிக்க வேண்டிய பக்கங்கள்.

எடிட்டர் கதை வேறு. பெங்குவின் ராண்டம் ஹவுஸ், ஹார்ப்பர்காலின்ஸ் போன்ற பெரிய பதிப்பகங்களின் பெரும்பாலான பிரிவுகள் ஏஜென்ட் இல்லாமல் வருகிற பிரதியைத் திறந்தே பார்ப்பதில்லை. மாநாட்டுக்கு வருகிற எடிட்டர்கள் சில சமயம், இங்கே வந்தவர்கள் மட்டும் இத்தனை வாரத்துக்குள் நேராக அனுப்பலாம் என்று ஒரு ஜன்னலைத் திறந்து வைப்பார்கள். அந்த ஒரு காரணத்துக்காகவே எடிட்டர்களின் அமர்வில் கடைசிவரை உட்கார்ந்திருக்கலாம், இதை முடிவில்தான் சொல்வார்கள். ஆனால் எடிட்டருக்குப் பிடித்தால் மட்டும் புத்தகம் வந்துவிடாது. விற்பனைப் பிரிவும் விளம்பரப் பிரிவும் உட்காருகிற கூட்டத்தில் அவர் லாப நஷ்டக் கணக்கோடு போய் வாதாட வேண்டும். அதனால் எடிட்டரிடம் என் நாவலைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டு, "கடைசியாக எந்தப் புத்தகத்துக்காக அந்தக் கூட்டத்தில் சண்டை போட்டீர்கள்?" என்று கேட்க ஆரம்பித்தேன். கேட்டவர்களில் ஒருவர்கூட ஒரு வரியில் பதில் சொல்லவில்லை. ஒருவர் இருபது நிமிடம் பேசினார், அதில் பதினைந்து நிமிடம் தோற்றுப்போன புத்தகத்தைப் பற்றி.

இந்த ஞானம் வருவதற்கு முன்னால் ஒரு அசட்டுத்தனம் செய்திருக்கிறேன். முதல் வருடம், லிஃப்டில் ஒரு எடிட்டர் தனியாக மாட்டினார். லிஃப்ட் மேலே போய்ச் சேருவதற்குள் சொல்லி முடிக்கிற மாதிரி பிட்ச் இருக்க வேண்டும் என்று எல்லாப் புத்தகத்திலும் எழுதியிருக்கிறதே, நான் அதை அட்சரம் பிசகாமல் எடுத்துக்கொண்டேன். பாதியில் அவர் நன்றி சொல்லி இறங்கிவிட்டார். மறுநாள்தான் அவர் அறை அதற்கு இரண்டு தளம் மேலே என்று தெரிந்தது. படியேறிப் போயிருக்கிறார். கழிப்பறைக் கதவுக்கு அடியில் பிரதியைத் தள்ளியவனின் கதையை எந்த மாநாட்டிலும் கேட்கலாம். நேரில் பார்த்தவர் யாரும் இல்லை, எல்லாருக்கும் ஒரு நண்பருக்கு நடந்ததுதான். என் லிஃப்ட் கதையும் அப்படி எங்காவது உலவிக்கொண்டிருக்கும்.

சாப்பாட்டு மேசையிலும் சாயங்காலம் எல்லாரும் கூடுகிற இடத்திலும் நான் இப்போது வைத்திருக்கும் பழக்கம் இதுதான்: அவர்கள் கேட்கும் வரை என் நாவல் இல்லை. கேட்காமல் இருக்கவே மாட்டார்கள். "நீங்கள் என்ன எழுதுகிறீர்கள்?" என்பது அங்கே வானிலையைப் பற்றிப் பேசுவது மாதிரி. ஒரு வாக்கியம் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றினால், பிடித்திருந்தால் அவர்களே திரும்பி வருவார்கள்.

மணி அடித்த அந்த வருடம்தான் முதல் பக்க அமர்விலும் உட்கார்ந்தேன். இரண்டு வருடத்திலும் எனக்கு உண்மையாகப் பயன்பட்ட ஒரு மணி நேரம் அது. விருப்பப்பட்டவர்கள் தங்கள் பிரதியின் முதல் பக்கத்தைப் பெயர் போடாமல் ஒரு பெட்டியில் போட வேண்டும். ஒருவர் அதை எடுத்துச் சத்தமாகப் படிப்பார். மேடையில் நான்கு ஏஜென்டுகள். ஒவ்வொருவரும், தன் அலுவலகத்தில் இதே பக்கம் வந்திருந்தால் எந்த வரியில் நிறுத்தியிருப்பாரோ அந்த வரியில் கையைத் தூக்குவார். இரண்டு கை உயர்ந்தால் படிப்பது நிற்கும்.

என் பக்கம் ஐந்தாவதாக வந்தது. மழைச் சத்தத்தில் நாயகி கண் விழிக்கிறாள். நான் ஒரு மாதம் இழைத்த பத்தி. மூன்றாவது வரியில் ஒரு கை. ஆறாவது வரியில் இன்னொரு கை. "இன்று தூக்கத்திலிருந்து எழுகிற மூன்றாவது ஆள்" என்றார் முதலில் கை தூக்கியவர். இரண்டாமவர் கொஞ்சம் இரக்கப்பட்டவர். "மழை நன்றாகத்தான் இருக்கிறது. அந்தப் பெண்ணுக்கு என்ன வேண்டும் என்றுதான் தெரியவில்லை" என்றார். பக்கத்தில் இருந்தவர் என் பக்கம் சாய்ந்து, "பாவம், யாருடையதோ" என்றார். "ஆமாம், பாவம்" என்றேன்.

வலித்தது. ஆனால் பிட்ச் மேசையில் கிடைக்கிற எந்தப் புன்னகையையும்விட அந்தத் தூக்கிய கை நேர்மையானது. அங்கே அவர்களுக்கு யார் முகமும் தெரியவில்லை. அறைக்குப் போய் முதல் பதினோரு பக்கத்தை அழித்தேன். நாவல் இப்போது, அவள் கதவை உள்ளே இருந்து பூட்டுவதில் ஆரம்பிக்கிறது.

எந்த மாநாட்டுக்குப் போவது என்று கேட்கிறவர்களுக்கு: எல்லாம் ஒன்றில்லை. 1926-இல் வெர்மான்டில் தொடங்கிய பிரெட் லோஃப் போன்றவை பயிலரங்குகள். எழுத்தைப் பற்றிப் பேசப் போகிற இடம், ஏஜென்டும் எடிட்டரும் கூடவே வருவார்கள். அமெரிக்காவில் ஏ.டபிள்யூ.பி. என்கிற எழுத்தாளர் சங்கம் நடத்துகிற பெரிய ஆண்டு மாநாட்டின் புத்தகச் சந்தையில் சிறு பதிப்பக எடிட்டர்களும் சிற்றிதழ்க்காரர்களும் மேசை போட்டு உட்கார்ந்திருப்பார்கள். சந்திப்பு நேரம் வாங்க வேண்டாம், மணியும் இல்லை, போய் நின்று பேசலாம். என் சுபாவத்துக்கு அதுதான் ஒத்து வரும். ஃப்ராங்பர்ட், லண்டன் புத்தகச் சந்தைகளுக்கு ஏஜென்டைப் பிடிக்கக் கிளம்புகிறவர்களை மட்டும் தடுத்து நிறுத்த ஆசை. அங்கே ஏஜென்டுகளுக்கென்று தனிக் கூடமே உண்டு, சந்திப்பு ஏற்பாடு இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். அரை மணிக்கு ஒருவராக வெளிநாட்டுப் பதிப்பாளர்களுக்கு உரிமைகளை விற்றுக்கொண்டிருப்பார்கள். தங்களிடம் இருக்கும் எழுத்தாளர்களுக்காக உழைக்கிற நேரம் அது. புது ஆள் போய் நின்றால் எரிச்சல்தான் மிஞ்சும்.

இணையவழி மாநாடுகளும் இருக்கின்றன. 2020-க்கு அப்புறம் பெருகிவிட்டன. ஜூமில் பிட்ச் செய்யும்போது மணி கிடையாது, பேசிக்கொண்டிருக்கும்போதே திரை அணைந்துவிடும். நான் ஒருதடவை "ஆனால் அவளுக்குத் தெரியாத ஒரு விஷயம்" என்பதோடு அணைந்தேன். அவருக்கு இன்னும் தெரியாது.

மாநாட்டில் பிட்ச் நேரத்துக்குத் தனிக் கட்டணம் வாங்குவது பரவலாக உண்டு. அதை நுழைவுச் சீட்டு என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் பிரதியைப் படிக்கவே காசு கேட்கிற ஏஜென்ட் கண்ணில் பட்டால் எழுந்து வந்துவிடுங்கள். அமெரிக்க இலக்கிய முகவர்கள் சங்கம் தன் உறுப்பினர்களுக்கு அதைத் தடை செய்திருக்கிறது. 1998 முதல் இயங்குகிற 'ரைட்டர் பிவேர்' என்ற இணையதளம் இந்த மாதிரி ஆட்களைப் பற்றி எச்சரித்துக்கொண்டே இருக்கிறது. மாநாட்டுக்கு வருகிற பெயர்களை முன்கூட்டியே அங்கே தேடிப் பார்ப்பது நல்லது.

திரும்பி வந்து அனுப்பும்போது மடலின் தலைப்பில் மாநாட்டின் பெயரையும், அவர்களே கேட்டதால் அனுப்புவது என்பதையும் எழுத வேண்டும். 12 புள்ளி எழுத்து, இரட்டை இடைவெளி, வேறு அலங்காரம் வேண்டாம். நிறையப் பேர் அனுப்புவதே இல்லை என்று ஏஜென்டுகள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பயம்தான். எனக்குப் புரிகிறது.

அந்தத் துப்பறியும் நாவல் அம்மா உடனே அனுப்பினார். அச்சடித்த மாதிரி இரண்டு வரி மறுப்பு வந்தது. அதே நாவலை அவர் இன்னும் நிறையப் பேருக்கு அனுப்பி, கடைசியில் ஒரு சிறு பதிப்பகம் எடுத்துக்கொண்டது. அந்த எடிட்டரை அவர் எந்த மாநாட்டிலும் பார்த்ததில்லை. என்னுடையது 91,000 சொற்களில் முடிந்து, இப்போது இரண்டு ஏஜென்டுகளிடம் இருக்கிறது. மூன்று பேர் வேண்டாம் என்றுவிட்டார்கள். அதில் ஒருவர் ஒரு பக்கத்துக்குக் காரணம் எழுதியிருந்தார். மூன்றாம் அத்தியாயத்தை அவருக்காக மாற்றினேன், அவர் அதைப் பார்க்கப் போவதில்லை.

மணி அடிக்கிற வேலையை மட்டும் நான் விடவில்லை. இந்த வருடம் நான்காவது தடவை. இரண்டாம் நாள் கடைசி அமர்வில் ஒரு பெண் உட்கார்ந்தாள். இருபத்தைந்து வயது இருக்கலாம். கையில் தாள் இல்லை. உருப்போட்டிருக்கிறாள், தோள் அசைவிலேயே தெரிந்தது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, முடித்துவிட்டாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தபடி இருந்தார்கள். அந்த ஒன்பது நிமிடத்தை எனக்குத் தெரியும். ஏஜென்ட் ஏதோ கேட்டார். அவள் கூரையைப் பார்த்தாள். மறுபடி முதல் வரிக்குப் போகப் போகிறாள் என்று நினைத்தேன். போகவில்லை. சிரித்தாள். அப்புறம் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு, இரண்டு கையாலும் காற்றில் எதையோ வரைந்து காட்டிப் பேச ஆரம்பித்தாள். ஏஜென்ட் பேனாவைக் கீழே வைத்தார்.

பத்து நிமிடம் ஆகிவிட்டது. வரிசையில் முதலில் நின்றவர் கடிகாரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். நான் மணியின் நாக்கை விரலால் பிடித்தபடி நின்றிருந்தேன்.